சைக்கிள் ஓட்டிப் பிழைக்க முடியுமா? வாசகர் கேள்வி–பதில்

2025ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், நம் மேட்டு நிலத்தில் குளிர் நடுக்கிக்கொண்டிருந்த நாள்களில், நம் மொரீஷியசின் கியூர்பீப்பில் பிறந்த கிம் லெ கூர், பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் என்னும் பல நாள் சைக்கிள் பந்தயத்தில், மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையை அணிந்தார். அதற்கு முன்பு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் காவடி நாள் எது, தமிழ்த் தேர்வுக்கு எந்தப் பாடம் வரும் என்பன பற்றியவை. அதன் பிறகு வருபவற்றில் பாதிக்கு மேல் சைக்கிளைப் பற்றியவை. பதில் எழுதுகிறவன் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். இளமையில் எட்டு ஆண்டுகள் உள்ளூர்ப் பந்தயங்களில் ஓடி, ஒருமுறைகூட முதல் பத்துப் பேருக்குள் வராதவன். அந்தத் தகுதியோடு, சேர்ந்துபோன கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

காத்ர போர்னிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்குப் பதினாறு வயது. ஞாயிறுதோறும் விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷாமரேல் மலைக்குப் போய்விடுகிறான். எஸ்.சி. என்னும் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வோடு படிப்பை நிறுத்திவிட்டு ஐரோப்பாவுக்குப் போய்த் தொழில்முறை வீரனாக வேண்டும் என்கிறான். மறுத்தால், "கிம் போகவில்லையா?" என்று கேட்டு எங்கள் வாயை அடைத்துவிடுகிறான். அவன் அப்பா ஒரு மாதமாக அவனோடு பேசுவதில்லை. நாங்கள் என்ன சொல்வது, ஐயா?

அம்மா, உங்கள் மகன் கிம் லெ கூரின் பெயரைச் சொல்லும்போது அவர் வாழ்க்கையின் கடைசி இரண்டு பக்கங்களை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறான்; முழுவதையும் அவனோடு உட்கார்ந்து படியுங்கள். அவர் 1996இல் பிறந்தவர். இருபது வயதை ஒட்டிய காலத்தில் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள அணியில் சாலைப் பந்தயங்களில் ஓடினார்; ஆனால் அங்கே நிலைக்க முடியாமல் திரும்பி வந்தார். வந்தவர் சைக்கிளைத் தூக்கி மூலையில் வைத்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவில் மலைச் சைக்கிள் பந்தயங்களில் ஓடிக்கொண்டே இருந்து, 2023இல் அந்நாட்டின் கேப் எப்பிக் என்னும் கடுமையான பல நாள் பந்தயத்தை நமீபிய வீராங்கனை வேரா லூசருடன் இணைந்து வென்றார். அதன் பின்னரே, 2024இல், பெல்ஜியத்தின் ஏஜி இன்சூரன்ஸ்–சூதால் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. அந்த ஆண்டே இத்தாலியின் ஜிரோ பந்தயத்தின் கடைசி நாளில் லாக்குயிலா நகரில் முதலாவதாக வந்தார். 2025 ஏப்ரல் 27 அன்று லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் பந்தயத்தில், நான்கு பேர் ஒன்றாக வந்த இறுதி ஓட்டத்தில் நெதர்லாந்து வீராங்கனைகள் பீட்டர்சேயையும் வொல்லெரிங்கையும் முந்தி வென்றார். சைக்கிள் உலகம் நினைவுச்சின்னங்கள் என்று அழைக்கும் ஐந்து பழம்பெரும் ஒருநாள் பந்தயங்களில் அதுவும் ஒன்று. அவற்றில் ஒன்றை ஆப்பிரிக்க நாடொன்றின் வீரர் வென்றது அதுவே முதல்முறை. அப்போது அவருக்கு வயது 29.

ஆகவே, "கிம் போகவில்லையா?" என்ற கேள்விக்கு, "போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்" என்பதே சரியான பதில். உங்கள் மகன் போவதைப் பற்றி நிறைய யோசித்திருப்பான். திரும்பி வர நேர்ந்தால் எதன்மேல் காலூன்றி நிற்பான் என்பதை யோசித்திருக்க மாட்டான். அதை யோசிக்க வேண்டியவர்கள் நீங்கள்தாம். அடுத்த தேர்வான எச்.எஸ்.சி.யை முடிக்கும் இரண்டு ஆண்டுகள் இந்த விளையாட்டில் வீணாகும் ஆண்டுகள் அல்ல. பதினேழு, பதினெட்டு வயதினர் ஜூனியர் பிரிவிலும், அதற்கு மேல் 22 வயது வரையிலானோர் 23 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் ஓடுகிறார்கள். அவன் எச்.எஸ்.சி. எழுதி முடிக்கும்போதும் இரண்டாம் பிரிவின் வாசலில்தான் நிற்பான்.

அதற்குள் அவன் செய்ய வேண்டியவை உண்டு. ஒரு கிளப்பில் சேர்ந்து, நம் நாட்டின் சைக்கிள் கூட்டமைப்பின் உரிமம் பெற்று, உள்ளூர்ப் பந்தயங்களோடு பக்கத்துத் தீவான ரெயூனியோனிலும் ஓடிப் பார்க்க வேண்டும். ஷாமரேலில் தனியாக ஏறும் நேரத்தைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருப்பது போதாது. இன்று அணிகள் பந்தய முடிவுகளோடு, மிதிக்கும் விசையை வாட் கணக்கில் அளக்கும் கருவியின் பதிவுகளையும் கேட்கின்றன. மலையேற்றத்தில் முன்னணியில் இருக்கும் ஆண்கள் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆறு வாட் அளவுக்கு, இருபது முப்பது நிமிடங்கள் விடாமல் மிதிக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவன் 360 வாட் மிதிக்க வேண்டும் என்று பொருள். பதினாறு வயதில் அந்த எண் வராது, வரவும் வேண்டாம். ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறதா என்பதைப் பார்த்தால் போதும். உலகச் சைக்கிள் கூட்டமைப்பான யு.சி.ஐ., சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் ஒரு பயிற்சி மையம் நடத்துகிறது. சைக்கிள் பாரம்பரியம் குறைந்த நாடுகளின் இளைஞர்களை அங்கே அழைத்துப் பயிற்சி தருகிறார்கள். 2024இல் டூர் டி பிரான்சில் மூன்று நாள்களின் ஓட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டையோடு நீஸ் நகரில் பந்தயத்தை முடித்த எரித்திரிய வீரர் பினியம் கிர்மாய் அங்கே பயின்றவர். நம் கூட்டமைப்பின் வழியாக அந்தக் கதவைத் தட்டலாம். தட்டுவதற்குக் கையில் பந்தய முடிவுகள் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அப்பாவை மகனோடு பேசச் சொல்லுங்கள். ஒரு ஞாயிறு காஸ் நுவயாலிலிருந்து மேலே காரில் பின்தொடர்ந்து வந்து, ஷாமரேலில் நிறுத்தி, அவன் கையில் ஒரு போத்தல் தண்ணீர் கொடுக்கட்டும். படிப்பைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு எடுத்தால் எடுபடும்.

ரோஸ் ஹில்லிலிருந்து ஆசிரியை ஒருவர்: இத்தனை பேர் கொண்ட அணி என்கிறார்கள், ஆனால் வென்றவர் பட்டியலில் ஒரு பெயர்தான் வருகிறது. மற்றவர்கள் எதற்காக மிதிக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் இந்தத் தொழிலில் பாதி தெரிந்துவிட்டது. சைக்கிள் வேகமெடுக்கும்போது எதிர்த்து நிற்பது காற்று. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். பெரிய கூட்டத்தின் நடுவே இருப்பவருக்கு இன்னும் கூடுதலாகவே மிச்சமாகும். ஆகையால் ஓர் அணியில் ஆறேழு பேர் மாறி மாறிக் காற்றைத் தாங்கிக்கொண்டு ஒருவரை மறைத்து அழைத்துப் போகிறார்கள். மணிக்கணக்கில் மறைந்து வந்தவர் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து முழு வலுவையும் காட்டுகிறார். பெயர் அவருக்கு, கால்வலி மற்றவர்களுக்கு.

நம் தீவிலேயே இதைப் பார்க்கலாம். லெ மோர்னைத் தாண்டி பே து காப் பக்கம் கடற்கரைச் சாலையில் தென்கிழக்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும் நாளில் பந்தயம் நடந்தால், கூட்டம் நேர்வரிசையில் போகாது. ஒருவர் தோளுக்குப் பின்னால் மற்றொருவர் என்று சாலையின் குறுக்கே சாய்ந்த கோடாக விரியும். சாலையின் அகலம் முடியும் இடத்தில் கோடும் முடியும். அதற்குப் பிறகு வருகிறவன் ஒண்ட இடமின்றிச் சாலையோர மண்ணை உரசிக்கொண்டு மிதிப்பான். நான் பல ஆண்டுகள் மிதித்த இடம் அதுதான். காற்றோடு மல்லுக்கட்டுவது என்றால் என்னவென்று அங்கேதான் கற்றேன்.

உதவியாளராக இருப்பதே ஒரு முழு வாழ்க்கை. பின்னால் வரும் அணிக் காரிடம் போய்ச் சட்டைக்குள் ஏழெட்டுப் போத்தல்களைத் திணித்துக்கொண்டு, முதுகு கூன, மறுபடியும் கூட்டத்தின் முன்பகுதிக்கு ஏறி வந்து ஒவ்வொருவருக்கும் கொடுப்பதும், தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரத்தில் நிற்பதும் அந்த வேலையில் அடங்கும். தொழில்முறை வீரர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெறும்வரை இதைத்தான் செய்கிறார்கள். இதற்குத்தான் சம்பளமும் வாங்குகிறார்கள்.

கைம்மாறு கிடைக்கும் நாளும் உண்டு. 2013 டூர் டி பிரான்சின் மூன்றாம் நாளில், கோர்சிகாத் தீவின் கால்வி நகரில் ஆஸ்திரேலியரான சைமன் கெரான்ஸ் வென்றபோது, இறுதிவரை அவருக்காகக் காற்றைத் தாங்கி இழுத்து வந்தவர் தென்னாப்பிரிக்காவின் டாரில் இம்பி. மறுநாள் அணியாக ஓடிய நேரப் பந்தயத்தையும் அவர்கள் வென்றதால் மஞ்சள் சட்டை கெரான்ஸ் தோளுக்கு வந்தது. ஆறாம் நாள் மோன்பெலியே நகரில் கெரான்ஸ் ஐந்து நொடி பின்தங்கி வர, சட்டை இம்பிக்குப் போனது. நண்பரின் உழைப்புக்கு நன்றியாகவே கெரான்ஸ் அதை விட்டுக்கொடுத்தார் என்று அன்றைக்கே பேசப்பட்டது. டூர் டி பிரான்சில் ஆப்பிரிக்கர் ஒருவர் மஞ்சள் சட்டை அணிந்தது அதுவே முதல்முறை. ஆசிரியை அவர்கள் வகுப்பில் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

போர்ட் லூயியிலிருந்து கணக்காளர் ஒருவர்: உணர்ச்சி எல்லாம் இருக்கட்டும், வருமானம் எவ்வளவு?

பெண்கள் விளையாட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மாற்றம் அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. முதல் தட்டிலுள்ள பெண்கள் அணிகளுக்கு 2020இல்தான் யு.சி.ஐ. குறைந்தபட்ச ஊதியம் விதித்தது. அப்போது அது ஆண்டுக்கு 15,000 யூரோ. 2022இல் 27,500 ஆகவும், 2023இல் 32,000க்குச் சற்று மேலாகவும் உயர்ந்தது. ஒரு யூரோவுக்கு ஐம்பது ரூபாய் என்று வைத்தால் இந்தக் கடைசித் தொகை நம் பணத்தில் ஆண்டுக்குப் பதினாறு லட்சம் ரூபாய். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பெல்ஜியத்திலோ ஸ்பெயினிலோ வாடகை கொடுத்து, வரி கட்டி, ஊருக்கு வந்து போகும் விமானச் செலவையும் கழித்துப் பார்த்தால் நீங்களே கணக்கை முடித்துவிடுவீர்கள். 2020க்கு முன்பு திரும்பி வந்த பெண்கள் எந்த நிலையிலிருந்து திரும்பினார்கள் என்பதையும் இந்த எண்களைக் கொண்டே ஊகிக்கலாம்.

ஆண்களில் முதல் தட்டில் குறைந்தபட்சம் இதைவிட அதிகம். நட்சத்திர வீரர்களின் சம்பளம் பல லட்சம் யூரோக்களைத் தாண்டும். மூன்றாம் தட்டிலோ யு.சி.ஐ. எந்தக் குறைந்தபட்சத்தையும் விதிப்பதில்லை. சைக்கிளும் சட்டையும் தங்க இடமும் கொடுத்துவிட்டு, சம்பளமே கொடுக்காத அணிகளும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு முதலில் திறக்கும் கதவு பெரும்பாலும் அதுதான். ஒப்பந்தத்தில் "ஊதியம்" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பெற்றோர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

பரிசுப் பணத்தை நம்பக் கூடாது. ஆண்களுக்கான டூர் டி பிரான்சை வென்றவருக்கு 5,00,000 யூரோ, அதில் ஒரு நாளின் ஓட்டத்தை வென்றவருக்கு 11,000 யூரோ. பெண்களுக்கான பந்தயத்தை வென்றவருக்கு 50,000 யூரோ. வழக்கப்படி அந்தப் பணம் அணித் தோழர்கள், மெக்கானிக், உடல் பிடித்துவிடுபவர் என்று எல்லோருக்கும் பங்காகப் பிரிகிறது. ஒப்பந்தம் பொதுவாக ஓராண்டு, ஈராண்டுதான். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து படுத்திருக்கும் மாதங்களில் அது முடிய நேர்ந்தால், புதுப்பிப்பார்களா என்று எண்ணிக்கொண்டே மருத்துவமனைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வாக்குவாவிலிருந்து இளைஞர் ஒருவர்: தைப்பூசத்துக்கு விரதம் இருந்து காவடி எடுக்கிறேன். அந்த நாள்களில் பயிற்சியை நிறுத்த வேண்டுமா?

தம்பி, நிறுத்த வேண்டியதில்லை. நம் விரதம் மரக்கறி விரதம். சோறும் பருப்பும் வாழைப்பழமும் விலக்கு அல்லவே. மூன்று நான்கு மணி நேரம் மிதிக்கிறவனுக்கு வேண்டியது மாவுச்சத்து. ஒரு மணிக்கு அறுபது முதல் தொண்ணூறு கிராம் என்பது பழைய கணக்கு. இன்று பழகிய வயிறுள்ள வீரர்கள் நூற்றிருபது வரை போகிறார்கள். ஐரோப்பிய அணிகளில் குழைய வேகவைத்த அரிசியை வெல்லக்கட்டி போல அழுத்தி, துண்டுபோட்டு, தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போனால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அது இருக்கும். நெய் மட்டும் இல்லை. அதனால் விரதத்தை ஒரு குறையாக நினைக்காதீர்கள். ஒருவேளை மட்டும் உண்கிறவராக இருந்தால் அந்த நாள்களில் நீண்ட பயிற்சியும் மலையேற்றமும் வேண்டாம்; ஒரு மணி நேரம் மெதுவாக மிதித்தால் போதும். காவடி எடுத்த மறுநாள் சைக்கிளைத் தொடவே கூடாது. கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு நடந்த பாதமும் அலகு குத்திய இடமும் ஆறட்டும்.

மற்றொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எடை குறைந்தால் மலை எளிதாகும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் இளைஞர்களைப் பார்க்கிறேன். உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாவிட்டால் எலும்பு பலவீனமாகும். பெண்களுக்கு மாதவிலக்கே நின்றுபோகும். சைக்கிள் ஓட்டம் உடலின் எடையை எலும்பின்மேல் ஏற்றாத விளையாட்டு என்பதால், நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கே எலும்பு அடர்த்தி குறைகிறது. விரதத்துக்கு முடிவு நாள் உண்டு, தம்பி. இந்தப் பட்டினிக்கு அது கிடையாது.

மாபூரிலிருந்து முதியவர் ஒருவர்: ஆம்ஸ்ட்ராங்குக்குப் பிறகும் இவர்களை நம்புகிறீர்களா?

முழுவதும் நம்புகிறேன் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். ஊக்கமருந்து எடுத்ததற்காக, அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து 2012இல் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டன. அவர் ஒரு சோதனையில் சிக்கி வீழவில்லை. உடன் ஓடியவர்களின் சாட்சியங்களே அவரை வீழ்த்தின. இன்று ஒவ்வொரு வீரரின் இரத்த அளவுகளையும் ஆண்டுக்கணக்கில் பதிந்து, இயல்புக்கு மாறான ஏற்றத்தாழ்வைத் தேடும் முறை இருக்கிறது. சைக்கிளில் அது 2008இல் வந்தது. முன்னணி வீரர்கள் நாள்தோறும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்குள் மூன்று முறை அந்த இடத்தில் காணப்படாவிட்டால், ஊக்கமருந்து எடுக்காதவருக்கும் தடைதான். அதனால் நான் இப்போது பார்க்கிறேன், ரசிக்கிறேன், மிகையாகத் தோன்றும்போது புருவத்தையும் உயர்த்துகிறேன்.

பெயர் குறிப்பிடாத கல்லூரி மாணவர்: நம் தீவில் பழகியவருக்கு ஐரோப்பாவில் முதலில் எது தடுமாற்றம் தரும்?

மலையின் நீளம். நம் தீவின் மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான். 2025இல் கிம் மஞ்சள் சட்டையை இழந்த மாதலேன் கணவாய், 18 கிலோமீட்டருக்கும் மேலாக எட்டு விழுக்காட்டுச் சரிவில் ஏறி, ஏறத்தாழ 2,000 மீட்டரில் முடிகிறது. அன்று அங்கே வென்ற பிரெஞ்சு வீராங்கனை போலின் ஃபெரான்–பிரெவோவிடம் சட்டை போனது. கிம்மின் அணித் தோழி சாரா ஜிகான்டே இரண்டாவதாக வந்தார். அதற்கு முன் கெரே நகரில் ஒரு நாள் வெற்றியும், நான்கு நாள் மஞ்சள் சட்டையும் கிம்முக்குக் கிடைத்திருந்தன.

அடுத்தது கூட்டம். இங்கே ஐம்பது பேர் புறப்பட்டால் பெரிய பந்தயம். அங்கே நூற்றைம்பது பேர், முழங்கை முழங்கையை உரச, ஒரு கார் மட்டுமே போகக்கூடிய சாலையில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவார்கள். அதோடு, இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நம் கண், பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு சந்திப்பிலும் முதலில் தவறான பக்கம் திரும்பும். கரும்பு வெட்டும் மாதங்களில் லாரியிலிருந்து விழுந்த கரும்புத் துண்டுகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஓட்டியவர்களுக்கு ஒரு சிறு முன்பயிற்சி உண்டு என்று வேண்டுமானால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். குளிர், மொழி, தனிமை எல்லாம் அதற்குப் பிறகு வரும். பிரெஞ்சு பேசத் தெரிந்திருப்பது நம்மவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி.

ஒரு வாசகர்: எத்தனை வயதுவரை ஓடலாம்?

முப்பத்தைந்தை ஒட்டிப் பலர் இறங்கிவிடுகிறார்கள். ஆனால் ஸ்பெயினின் வல்வெர்டே உலகப் பட்டத்தை வென்றது 2018இல், 38 வயதில். 2025 பெண்கள் டூரின் முதல் நாளை வென்ற நெதர்லாந்தின் மரியான் ஃபோசுக்கும் அதே வயதுதான்.

சுயாக்கிலிருந்து பதினான்கு வயது மாணவி: என்னிடம் இருப்பது அண்ணனின் பழைய சைக்கிள். எனக்கு அது உயரம். நான் எப்படித் தொடங்குவது?

அம்மா, நல்ல கேள்வியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இருக்கையில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும் நிலையில் குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் முழுவதும் நீண்டு, இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் இருக்க வேண்டும். இருக்கையை அடிவரை இறக்கியும் எட்டவில்லை என்றால் அந்தச் சைக்கிள் உங்களுக்கு உரியதன்று. முழங்காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்துக் கிளப்பில் கேட்டால், வளர்ந்த பிள்ளைகள் விட்டுப்போன சிறிய சைக்கிள் ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். முதல் நாள் போகும்போது தலைக்கவசம், இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு மாற்று ட்யூப், காற்றடிக்கும் பம்ப் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ட்யூப் மாற்றுவதை அண்ணனிடம் முன்னாடியே கற்றுக்கொள்ளுங்கள். மாற்றித் தருகிறேன் என்று அவர் சொன்னால், வேண்டாம், பக்கத்தில் நின்று பாருங்கள் என்று சொல்லுங்கள்.